லுத்தர் இல்லத்தில் ஒரு மரணம்: துக்கமும் விசுவாசத்தின் ஆறுதலும்

துயருற்றோரைத் தேற்றும் பணி திருச்சபையின் பணிகளுள் மிகப் பழமையானது. புதிய ஏற்பாட்டு நூல்களுள் காலத்தால் மிக முந்தியவற்றுள் ஒன்றென அறிஞர் கருதும் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் நிருபமே, மரித்தோரைக் குறித்துக் கலங்கி நின்ற ஒரு சபைக்கு எழுதப்பட்டதாகும். அதன் நான்காம் அதிகாரம் பதின்மூன்றாம் வசனத்தை அடக்க ஆராதனைகளில் நாம் வாசித்து வருகிறோம். ஆயினும் அவ்வசனத்தைத் திருச்சபை எக்காலத்தும் ஒரே விதமாய்க் கேட்கவில்லை. அப்போஸ்தலன் துக்கத்தையே விலக்குகிறார் என்று கொண்டவர்கள் உண்டு. நம்பிக்கையற்ற துக்கத்தை மட்டுமே அவர் விலக்குகிறார் என்று கொண்டவர்களும் உண்டு. ஒரு சொற்றொடரில் எவ்விடத்தை அழுத்திப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து, மரண வீட்டில் நாம் பேசும் பேச்சு முழுவதும் மாறிவிடுகிறது.

மூன்றாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கார்த்தேஜ் நகரைக் கொள்ளைநோய் வாட்டிற்று. அந்நகரப் பேராயராயிருந்த சிப்பிரியான், அக்காலத்து மரணங்களைக் குறித்து எழுதிய நூலில், முதல் வகையைச் சார்ந்தே பேசினார். அங்கே வெண்ணாடை தரித்து நிற்போருக்காக இங்கே நாம் கறுப்பாடை அணிவது தகாது. நாம் அறிக்கையிடும் உயிர்த்தெழுதலை நமது புலம்பலே பொய்யாக்கிவிடும் என்பது அவரது வாதம். கல்நெஞ்சர் என்று அவரைத் தள்ளிவிட இயலாது. அந்நோயின் நடுவில் பிணியாளரைப் பராமரிக்கத் தம் சபையாரை ஏவியவரும் அவரே. அஞ்சி ஒடுங்கிய ஒரு சிறுபான்மைச் சபைக்குத் துணிவூட்ட வேண்டிய நெருக்கடியில் எழுந்த குரல் அது. நெருக்கடி நீங்கிய பின்னும் அக்குரல் மட்டும் நிலைத்துவிட்டது.

அதன் வலிமையை அகுஸ்தீனிடத்தில் காண்கிறோம். கி.பி. 387ஆம் ஆண்டு ஓஸ்தியா என்னும் துறைமுக நகரில் அவருடைய தாய் மோனிக்கா மரித்தார். மகன் அதெயோதாத்துஸ் வாய்விட்டு அழுதபோது, அங்கிருந்தோர் அனைவரும் அவனை அடக்கினர். நண்பர் எவோதியுஸ் சங்கீதப் புத்தகத்தை எடுத்து ஒரு சங்கீதத்தைப் பாடத் தொடங்க, வீட்டார் மறுமொழி பாடினர். அகுஸ்தீன் கண்ணீரை வலிந்து தடுத்தார். கல்லறையண்டையிலும் அவர் அழவில்லை. நீராடினால் துயர் தணியுமென்று நீராடினார், தணியவில்லை. பின்னர்த் தனிமையில், இறைவன் ஒருவரே காண, அழுதார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் இதனை 'அறிக்கைகள்' என்னும் நூலில் எழுதுகையிலும், தாய்க்காகச் சற்று நேரம் அழுததற்கே வாசகரின் பொறுமையை வேண்டி நிற்கிறார். திருச்சபையின் பெரும் ஆசிரியர் ஒருவர் தம் தாயின் மரணத்திற்கு அழுததை ஏறக்குறைய ஒரு குற்றம்போல அறிக்கையிடும் இந்நிலைக்கு, திருமறையைவிட ஸ்தோயிக்க மெய்யியலே அதிகப் பொறுப்பு என்பது நமது கருத்து. லாசருவின் கல்லறைக்கு முன் இயேசு கண்ணீர் விட்டதை யோவான் எவ்வித மன்னிப்பும் கோராமலே எழுதியிருக்கிறார்.

இனி, ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து விட்டன்பர்க் நகருக்கு வருவோம். இடைக்காலத் திருச்சபையில் துக்கிப்போருக்குச் செய்வதற்கென்று பல காரியங்கள் இருந்தன. மரித்தோருக்கான திருப்பலிகள், இரவு விழிப்புகள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு, தானம் ஆகியவை உத்தரிக்கிற ஸ்தலத்திலிருக்கும் ஆன்மாவுக்கு உதவும் என்று நம்பப்பட்டது. இப்போதனைக்கு எதிராகச் சீர்திருத்தத் தலைவர்கள் கூறியவற்றை நமது மாணவர்கள் நன்கு அறிவர். ஆனால் அதன் மறுபக்கத்தை நாம் எண்ணுவது அரிது. பிள்ளையை இழந்த தாயின் கைகளுக்கு அது ஒரு வேலையைக் கொடுத்திருந்தது. சீர்திருத்தம் அவ்வேலையை அகற்றியபோது அக்கைகள் வெறுமையாயின. மரித்தவருக்காக இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கிறிஸ்து யாவையும் செய்து முடித்தார் என்பது நற்செய்தியே. ஆயினும் அதைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் தாய்க்கு ஆயர் என்ன சொல்வார்?

லுத்தர் இதற்கு ஏட்டளவில் விடை அளித்திருந்தார். 1542ஆம் ஆண்டு அடக்க ஆராதனைக்கான பாடல்கள் விட்டன்பர்க்கில் ஒரு தனித் தொகுப்பாக வெளிவந்தன. அதற்கு எழுதிய முன்னுரையில், பழைய இரவு விழிப்புகளையும் ஒப்பாரிப் பாடல்களையும் விலக்கி, பாவமன்னிப்பு, இளைப்பாறுதல், உயிர்த்தெழுதல் ஆகியவற்றைப் பற்றிய தேற்றரவுப் பாடல்களையே கல்லறையண்டை பாடுமாறு அவர் அறிவுறுத்துகிறார். முன்னுரை எழுதுவது ஒன்று. அதே ஆண்டில் அவர் வீட்டில் நிகழ்ந்தது வேறு.

அதைக் கூறுமுன் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1530இல் ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசின் மன்றம் கூடியபோது, பேரரசரின் தடைக்கு உட்பட்டிருந்த லுத்தர் கோபுர்க் கோட்டையிலேயே தங்க நேர்ந்தது. மனைவி கத்தரினா, ஒரு வயது நிரம்பிய மகள் மகதலேனாவின் படத்தை அவருக்கு அனுப்பி வைத்தார். அதனை உணவருந்தும் மேசைக்கு எதிரே சுவரில் மாட்டிக்கொண்டார். அந்நாட்களில்தான் அவருடைய தந்தை மரித்த செய்தி வந்தது. செய்தியை வாசித்ததும் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தம் அறைக்குள் சென்றார் என்றும், மறுநாள் வேலை செய்ய இயலாத அளவுக்கு அழுதார் என்றும் உடனிருந்த வைட் டீட்ரிக் கத்தரினாவுக்கு எழுதினார். அகுஸ்தீனின் வீட்டில் சங்கீதம் அழுகையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கே சங்கீதப் புத்தகமும் அழுகையும் ஒரே அறைக்குள் சென்றன.

அப்படத்திலிருந்த குழந்தை பதின்மூன்று வயதுச் சிறுமியாய் வளர்ந்து, 1542 செப்டம்பரில் நோயுற்றாள். அவளுக்கு முன் பிறந்த எலிசபெத் 1528இல் எட்டு மாதக் குழந்தையாய் மரித்திருந்தாள். தகப்பனின் இருதயம் பிள்ளைக்காக இவ்வளவு இளகக்கூடும் என்று தாம் ஒருபோதும் நினைத்ததில்லை என அப்போதே லுத்தர் ஒரு நண்பருக்கு எழுதியிருந்தார். மகதலேனாவுக்கு மிகப் பிரியமான அண்ணன் ஹான்ஸ் அண்மையில்தான் டோர்காவு நகரப் பள்ளிக்கு அனுப்பப்பட்டிருந்தான். அவனைக் காண அவள் ஏங்கினாள். செப்டம்பர் 6ஆம் தேதி லுத்தர் அவனுடைய ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, வண்டியும் அனுப்பினார். காரணத்தைப் பையனிடம் சொல்லாமலே அனுப்பி வைக்குமாறு வேண்டினார். செய்யக்கூடிய ஏதோவொன்றைச் செய்யாமல் விட்டேன் என்று பின்னர் என் மனச்சாட்சி என்னை வாதிக்கலாகாது என்னும் கருத்தும் அக்கடிதத்தில் காணப்படுகிறது. மரண வீடுகளை அறிந்த ஆயர் எவரும் இதனை உடனே அடையாளம் கண்டுகொள்வர்.

அவளுடைய இறுதி நாட்களைப் பற்றிய விவரம் காஸ்பர் ஹைடன்ரைக் குறித்து வைத்த மேசையுரைகளில் உள்ளது. மேசையுரைகள் லுத்தரின் எழுத்தல்ல. மாணவரும் விருந்தினரும் எழுதிக்கொண்ட குறிப்புகள். ஆகவே அவற்றைக் கடிதங்களுக்கு இணையாக நம்புவதற்கில்லை. எனினும் பொதுப்பட அவை தரும் காட்சி கடிதங்களோடு முரண்படவில்லை. இங்குள்ள தகப்பனிடம் இருக்க விருப்பமா, அங்குள்ள தகப்பனிடம் செல்ல விருப்பமா என்று அவர் மகளைக் கேட்டார். இறைவனின் சித்தப்படியே என்று அவள் விடையளித்தாள். செப்டம்பர் 20ஆம் தேதி தகப்பனின் கரங்களில் உயிர் நீத்தாள். கத்தரினா அதே அறையில், ஆனால் துக்க மிகுதியால் கட்டிலுக்குச் சற்று விலகி நின்றார். ஆவியில் மகிழ்ச்சியும் மாம்சத்தில் மிகுந்த துக்கமும் தமக்குள் ஒருங்கே இருப்பதாக லுத்தர் கூறினார். அவள் சமாதானமாய் இருக்கிறாள் என்று அறிந்தும் இவ்வளவு துக்கப்படுவது விந்தையே என்றாராம்.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 23ஆம் தேதி, ஹாலே நகரில் ஊழியம் செய்துவந்த நண்பர் யுஸ்துஸ் யோனாஸ் என்பவருக்கு அவர் எழுதிய கடிதத்தையே இக்கட்டுரையின் மையமாக நாம் கருதுகிறோம். அதன் சாரம் இது. மாம்சம், உலகம், துருக்கர், பிசாசு ஆகிய அனைத்தின் பிடியினின்றும் மகள் தப்பிவிட்டாள். ஆகவே தாமும் மனைவியும் மகிழ்ந்து நன்றி செலுத்துவதே முறை. ஆனால் இயற்கைப் பாசத்தின் வலிமையால், விம்மலும் பெருமூச்சும் இன்றி அதைச் செய்ய அவர்களால் இயலவில்லை. அவளுடைய முகமும் சொற்களும் அசைவுகளும் இருதயத்தின் ஆழத்தில் பதிந்திருக்கின்றன. கிறிஸ்துவின் மரணமுங்கூட, எந்த மரணத்தையும் அதனோடு ஒப்பிடலாகாத அந்த மரணமுங்கூட, இத்துயரை முற்றிலும் அகற்ற வேண்டியிருந்தும் அகற்றவில்லை. ஆதலால், எங்களுக்குப் பதிலாக நீர் இறைவனுக்கு நன்றி செலுத்தும் என்று அவர் யோனாஸை வேண்டுகிறார்.

இக்கடிதத்தை மேலோட்டமாய்ப் படித்துவிட்டுச் செல்லலாகாது. மரண வீட்டில் நாம் வழக்கமாய்ச் சொல்லும் ஆறுதல்கள் அனைத்தும் அவருக்குத் தெரியும். பிள்ளை உலகத் துன்பங்களுக்குத் தப்பினாள் என்பதை அவரே எழுதுகிறார். உயிர்த்தெழுதலில் அவருக்கு ஐயமில்லை. சிலுவையின் ஆறுதலைத் தமது தலைமுறையில் அவரைவிடத் தெளிவாய்ப் போதித்தவர் இல்லை. இவ்வளவும் இருந்தும், நன்றி சொல்ல நா எழவில்லை. இதனை விசுவாசக் குறைவென்று அவர் மறைக்கவுமில்லை. விசுவாசம் பொய்த்ததென்று கைவிடவுமில்லை. தமக்கு இயலாத அந்தத் துதியை ஒரு சகோதரனிடம் ஒப்படைக்கிறார். விசுவாசத்தினால் நீதிமானாவதை இவ்வளவு தனிப்பட்ட முறையில் அழுத்திக் கூறியவர், விசுவாசத்தின் செயலொன்றைப் பிறர் தமக்குப் பதிலாய்ச் செய்யும்படி கேட்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் வாதக்காரனை நால்வர் சுமந்து வந்ததையும், அவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டதையும் மாற்கு இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. துக்க காலத்தில் சபை என்பது என்ன என்னும் வினாவுக்கு, முறையான திருச்சபையியல் நூல்கள் பலவற்றிலும் காணாத விடை இக்கடிதத்தில் உள்ளது.

யோனாஸ் என்ன மறுமொழி அனுப்பினார் என்பதைவிட, அடுத்து நிகழ்ந்ததே நம் கவனத்திற்குரியது. மூன்று மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 22ஆம் தேதி, யோனாஸின் மனைவி கத்தரினா மரித்தார். இப்போது எழுத வேண்டியவர் லுத்தர். டிசம்பர் 26ஆம் தேதி அவர் எழுதிய கடிதம், என்ன எழுதுவதென்றே தெரியாத ஒருவரின் கடிதமாகவே தொடங்குகிறது. தம் மனைவியும் மறைந்த அவ்வம்மையாரும் ஒரே உயிர்போல் நெருங்கியிருந்தவர்கள். செய்தி கேட்டு அவர் நிலைகுலைந்து போனார் என்கிறார். பின்னரே, அம்மையாரின் பக்தியுள்ள முடிவையும் இறைவனில் உள்ள நம்பிக்கையையும் நினைவூட்டுகிறார். முதலில் தாம் துக்கத்தில் பங்குள்ளவர் என்பது, அதன் பின்பே போதனை. இந்த வரிசையை அவர் எந்த நூலிலும் இலக்கணமாக எழுதி வைக்கவில்லை. செப்டம்பர் மாதம் அதைக் கற்பித்திருந்தது.

ஆனால் லுத்தரை நாம் முற்றும் மெச்சிவிட முடியாது. அதே கிறிஸ்மஸ் வாரத்தில் டோர்காவிலிருந்த ஹான்ஸ், தங்கையின் நினைவால் வாடி, வீடு திரும்ப விரும்பினான். நலமில்லையெனில் வீட்டிற்கு வரலாம் என்று தாய் சொல்லியிருந்தார். லுத்தரோ ஆசிரியருக்கும் மகனுக்கும் எழுதி, இந்த இளகிய மனத்தை அடக்க வேண்டும், ஆண்மையோடு கண்ணீரை வெல்ல வேண்டும், தாயின் துயரை மேலும் பெருக்கலாகாது என்று கண்டித்தார். தம்முடைய அழுகைக்கு நண்பனிடம் இடம் கேட்டவர், பதினாறு வயது மகனின் அழுகைக்கு இடம் கொடுக்கவில்லை. தகப்பனின் கண்டிப்பு அக்காலத்து வழக்கம் என்று இதற்குச் சமாதானம் கூறுவர். கூறினாலும், ஓஸ்தியாவில் அதெயோதாத்துஸை அடக்கிய அதே குரலே இங்கும் கேட்கிறது. பெரியவர்களின் துக்கத்தைத் தேற்றக் கற்றுக்கொண்ட திருச்சபை, பிள்ளைகளின் துக்கத்தைக் கேட்க நெடுங்காலம் கற்கவில்லை.

இவ்வாண்டிற்குரிய மற்றொரு சிறு எழுத்தையும் குறிப்பிட வேண்டும். கருச்சிதைவுற்ற பெண்களுக்கும், பேறுகாலத்தில் குழந்தையை இழந்த பெண்களுக்கும் ஆறுதலாக லுத்தர் எழுதிய கட்டுரை, யோவான் புகன்ஹாகன் எழுதிய சங்கீத விளக்கத்தோடு இணைந்து 1542இல் வெளிவந்தது. ஞானஸ்நானம் பெறாது மரித்த சிசுவின் கதி என்ன என்பது அக்காலத் தாய்மாரை வதைத்த வினா. லுத்தர் அவர்களைக் குற்றப்படுத்த மறுத்தார். சொல்லாக வெளிவராத தாயின் பெருமூச்சையே இறைவன் வேண்டுதலாக ஏற்றுக்கொள்கிறார் என்றார். ரோமர் எட்டாம் அதிகாரத்தின் சொல்லொண்ணாப் பெருமூச்சுகளை இவ்விடத்தில் பயன்படுத்தியது, அவருடைய மிகச் சிறந்த மேய்ப்புப்பணி விளக்கங்களுள் ஒன்று. இங்கும் துக்கிக்கிறவரால் இயலாததை மற்றொருவர் செய்கிறார். இம்முறை அவர் தூய ஆவியானவர்.

காலம் அவர் துயரை ஆற்றியதா? 1545இல், மனைவியையும் மகளையும் இழந்திருந்த ஆண்ட்ரேயாஸ் ஓசியாண்டர் என்பவருக்கு எழுதுகையில், தம் மகதலேனாவை இன்றும் மறக்க முடியவில்லை, அவளுடைய மரணம் இன்னும் தம்மை வாட்டுகிறது என்று ஒப்புக்கொள்கிறார். அவள் வாழ்வு பெற்றிருக்கிறாள் என்று உறுதியாய் அறிந்திருப்பதாகவும் அதே கடிதத்தில் எழுதுகிறார். ஆறுதல் அடைந்து முடித்த ஒருவர் ஆறுதலற்ற ஒருவருக்கு எழுதிய கடிதமல்ல இது.

யோனாஸுக்கு அக்கடிதங்கள் சென்று சேர்ந்த ஹாலே நகரம் தமிழ்த் திருச்சபைக்கு அந்நிய ஊர் அன்று. பிற்காலத்தில் பிராங்கே அங்கே நிறுவிய கல்விச் சாலைகளோடு தொடர்புடைய பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் வழிவந்த பெப்ரிசியுஸ் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார். லுத்தரன் அடக்க முறையும் பாடல்களும் இவ்வழியே நம்மிடம் வந்தன. அவற்றோடு, ஒப்பாரி அவிசுவாசத்தின் அடையாளம் என்னும் எண்ணமும் நம் சபைகள் பலவற்றில் வேரூன்றியது. ஒப்பாரியில் உள்ளவை அனைத்தும் நற்செய்திக்கு இசைந்தவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அயல்வீட்டுப் பெண்கள் வந்து, இழந்தவளைக் கட்டிக்கொண்டு, அவளால் சொல்ல இயலாததை அவளுக்காகச் சொல்லி அழும் அம்முறைக்கும், எங்களுக்குப் பதிலாக நீர் நன்றி செலுத்தும் என்று லுத்தர் கேட்டதற்கும் இடையே ஓர் உறவு உண்டு. ஒப்பாரியை விலக்கிய நாம், அந்த இடத்தில் பல வேளைகளில் ஒரு பிரசங்கத்தை மட்டுமே வைத்தோம். அழாதே, இது தேவசித்தம் என்னும் சொல் நம் நாவில் மிக எளிதாய் வருகிறது. விட்டன்பர்க்கின் அத்தகப்பன் அச்சொல்லை மகளின் வாயிலிருந்தே கேட்டும் அழுதார் என்பதை நம் மாணவர்கள் தங்கள் முதல் அடக்க ஆராதனைக்குச் செல்லுமுன் எண்ணிப் பார்ப்பது நலம்.

1546 பிப்ரவரி 18ஆம் தேதி லுத்தர் ஐஸ்லேபன் நகரில் மரித்தபோது, அருகில் நின்றவர்களுள் யோனாஸும் ஒருவர். மறுநாள் அங்கே அடக்கப் பிரசங்கம் செய்தவரும் அவரே. உடல் விட்டன்பர்க்கிற்குக் கொண்டுவரப்பட்டு, பிப்ரவரி 22ஆம் தேதி கோட்டை ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அந்நகர ஆயராகிய புகன்ஹாகன் எடுத்துக்கொண்ட திருமறைப் பகுதி, நாம் தொடக்கத்திற் கண்ட தெசலோனிக்கேயர் நிருபப் பகுதியே. கண்ணீரால் தம்மால் பேச இயலுமோ என்று கூறியே அவர் பிரசங்கத்தைத் தொடங்கினார். நம்பிக்கையைக் குறித்த வசனம் அழுகிறவர் ஒருவரின் வாயிலிருந்து அழுகிற சபைக்கு வந்தது.

கத்தரினாவின் கைப்பட்ட எழுத்துகளும் அவர் சொல்லி எழுதப்பட்டவையும் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று, அவ்வாண்டு ஏப்ரலில் தம் சகோதரன் மனைவிக்கு அவர் அனுப்பிய கடிதம். உண்ணவோ, பருகவோ, உறங்கவோ இயலவில்லை என்கிறார். ஒரு பேரரசே தமக்கு உரியதாயிருந்து அதை இழந்திருந்தாலும் இவ்வளவு துயர் நேர்ந்திராது என்கிறார். தம்மிடமிருந்து மட்டுமன்று, உலகம் முழுவதினின்றும் கர்த்தர் இவரை எடுத்துக்கொண்டார் என்று சொல்லி, மிகுந்த துக்கத்தால் இதற்குமேல் சொல்லி எழுதுவிக்க இயலவில்லை என்று நிறுத்திக்கொள்கிறார்.